மண்ணெண்ணெய் துடைத்த பீலி

என் சாமான் பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் முழங்கை கிடக்கிறது. கூரைப் பீலியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வளைவுத் துண்டு. பாதி கபில நிறம், பாதி வெள்ளை. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீசியெறியவும் மனம் வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பிரஷைப் பிடித்தே ஆளானவன். இன்று எல்ல ஊரிலிருந்து பண்டாரவளை வரைக்கும் பெரிய வீடுகளில் பாதிக்கு என் கைதான் பட்டிருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை; போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காது என்று பதுளைக் கடைக்காரர்களே சொன்ன காலத்தில் நிற்க வைத்துக் காட்டியவன் நான். சோப்புப் போட்டுக் கழுவி, பளபளப்புச் சாகும்வரை சேண்ட் பேப்பரால் தேய்த்து, காய்ந்த பிறகு அதற்கென்று உள்ள பிரைமரை அடிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் எல்லாம் போச்சு.

என் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், எல்லயில் ஒரு விடுதி வேலைக்கு என்னோடு வந்தார். கொழும்புக்காரர் ஒருவர் கட்டியது. வெள்ளைப் பீலி, குழாய், கூரையோரப் பட்டி எல்லாம் மர நிறத்துக்கு மாற வேண்டும். சரியாக வந்தால் அடுத்த இரண்டு விடுதியும் உனக்குத்தான் என்றார் அந்தக் கொழும்புக்காரர். மச்சான் இருபது வருடம் தேயிலைத் தொழிற்சாலைத் தகரக் கூரைக்குப் பெயின்ட் அடித்தவர். தகரத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அடிப்பதுதான் அவர் பழக்கம். நான் பிரைமர் வாங்கப் பதுளைக்குப் போன அன்று, பிளாஸ்டிக்கையும் அப்படியே துடைத்து வைத்துவிட்டார்.

"தேய்ச்சாச்சா மச்சான்?"

"கண்ணாடி மாதிரி இருக்கு மாப்ள, மொகம் பாக்கலாம்."

அந்தப் பதிலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏணியில் ஏறிப் பார்க்கவில்லை. அதன் மேலேயே பிரைமரும் பெயின்டும் அவரை அடிக்க விட்டேன்.

இரண்டாவது வாரம் மழை. பெயின்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. விடுதிக்காரர் ஒரு சாண் நீளம் உரித்து என் உள்ளங்கையில் வைத்து, "தோட்டத்து ஆக்கள் வேலை இப்படித்தான்" என்றார். அந்த வாய்க்கு அன்றே பதில் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "இது என் வேலை இல்லைங்க ஐயா. இவன் கூலிக்கு வந்தவன்." தங்கையைக் கட்டிக்கொடுத்த மனுசனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொன்னேன்.

மச்சான் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"சேண்ட் பேப்பர் குடுங்க, கங்காணி" என்றார்.

நாலு நாள். ஒவ்வொரு முழமாக உரித்துத் தேய்த்தார். விரல் நுனியில் தோல் போனது. தண்ணீர் கேட்டாலும் கங்காணி, ஏணியைப் பிடிக்கச் சொன்னாலும் கங்காணி. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என் அப்பாவை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து ஏசியவனும் கூலிகளை மேய்த்த ஒரு கங்காணிதான். அது மச்சானுக்கும் தெரியும்.

அதன் பிறகு அவர் என் வாசல் மிதிக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு மண்டபத்துக்கு வந்தார், முறையெல்லாம் செய்தார். "சாப்பிட்டுப் போங்க மச்சான்" என்று கையைப் பிடித்தேன். "கூலிக்காரனுக்கு எதுக்குங்க பந்தி?" என்று பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த இரண்டு விடுதியும் எனக்கே கிடைத்தது. கிடைத்து என்ன? போன மாதம் அந்த வழியாகப் போனேன். அவர் தேய்த்த பீலியில் நகக்கண் அளவுகூடப் பெயரவில்லை. அந்த விடுதிக்காரர் மேல் கோபம். வந்து நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போகாத மச்சான் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேல் என் நாக்கின் மேல்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மச்சான் தேய்க்கும் முன்பே அன்று கழற்றிக் கொண்டுவந்த முழங்கையில் நகத்தை வைத்தேன். இத்தனை வருடம் கழித்தும் லேசாக உரிகிறது.