சபீனா வாசித்த காந்தச் சுருள்கள்

சபீனா பத்தொன்பது கடிதங்கள் எழுதினாள். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, வருடம் 1998. கோடை விடுமுறையில் ஏதாவதொரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் வேலை செய்ய விடுங்கள், சம்பளம் வேண்டாம் என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தாள். மூன்று இடங்களிலிருந்துதான் பதில் வந்தது. எம்.எஸ்சி. மாணவர்களை மட்டுமே எடுப்போம் என்று மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தது.

மலையாளியான கல்லூரி ஆசிரியரிடம் காட்டினாள்.

"இதெல்லாம் பின்னே நோக்காம் கொச்சே. ஆத்யம் டிகிரியை முடி," என்று, முதலில் படிப்பு, மற்றதெல்லாம் அப்புறம் என்பதுபோல் கையசைத்து, அவர் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவளுடைய வாப்பா பிச்சைக்கனி, தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள நகரத்துக்குப் பிழைக்க வந்தவர். தம்பானூரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். கரமனையில் வாடகை வீடு.

"கடுதாசி போட்டா எவன் படிக்கான்? நேர்ல போய் நில்லு," என்றார் அவர். "நான் அப்படித்தான் வேலைக்குச் சேந்தேன்."

நகரத்துக்கு வெளியே, பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் சிறிய நிலையம் ஒன்று இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனாள். இரண்டு நாள் காவலாளி வாசலோடு திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் மழையில் ஒதுங்கி நின்றவளை, காரிலிருந்து இறங்கிய ஒரு பெண் உள்ளே கூப்பிட்டார். விஞ்ஞானி சரோஜம். எல்லையோரப் பாறசாலைக்காரர்; வீட்டில் தமிழ் பேசுபவர்.

"என்ன தெரியும் உனக்கு?"

"பாடப்புஸ்தகத்துல உள்ளதுதான் தெரியும் மேடம்."

"அது போதும். நெறய தெரியும்ணு வந்ததுக எல்லாம் ரெண்டு நாளில போயாச்சு."

ஏன் போனார்கள் என்பது முதல் நாளே புரிந்தது. இரும்பு அலமாரி நிறையக் காகிதச் சுருள்கள். காந்தப்புலம் ஏறி இறங்குவதைக் கருவியின் பேனா அவற்றில் கோடாக வரைந்திருந்தது. ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு மணிக்கும் கோடு எவ்வளவு உயரம் என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு நாளுக்கு இருபத்துநான்கு எண்கள். மொத்தம் இரண்டு வருடச் சுருள்கள். இதற்குள் எங்காவது இயற்பியல் வரும் என்று ஒரு வாரம் எதிர்பார்த்தாள், வரவில்லை. கண் எரிந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி, கரமனையைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தாள்.

விடுமுறை முடிய மூன்று நாள் இருந்தபோது, உலக நிலையங்களின் அறிக்கைப் புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். சூரியனிலிருந்து கிளம்பும் புயல் பூமியில் வந்து மோதினால், எல்லா நாட்டுக் கருவிகளிலும் கோடு ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் துள்ளும். நவம்பரில் அப்படி ஒன்று பதிவாகியிருந்தது. அவளுடைய சுருளில் அது பதினொரு நிமிடம் முன்பே துள்ளியிருந்தது. உலகத்துக்கெல்லாம் முன்னால் இங்கே மட்டும் புயல் வருமா? செப்டம்பரில் ஏழு நிமிடம். ஜூனில் நான்கு. புயல் முந்தி வரவில்லை; கருவியின் கடிகாரம்தான் மாதாமாதம் பிந்திக்கொண்டே போயிருக்கிறது. அப்படியென்றால், கடிகாரம் பிந்தத் தொடங்கிய நாளிலிருந்து உள்ள சுருள்களைப் பார்த்து அவள் எழுதிய எண்கள் அத்தனையும் தப்பு.

சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம். டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, சுருளை எடுத்துக்கொண்டு சரோஜத்தின் அறைக்குப் போனாள்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதில பாதி டேட்டாவ வச்சு ஒரு பேப்பர் அனுப்பியாச்சு, அறியுமோ?"

"தெரியாது மேடம்."

"கணக்கு சரியாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன். என் தப்பா இருந்தா நல்லாயிருக்கும்னுதான் பாத்தேன்."

சரோஜம் மிச்ச இரண்டு நாளும் அவளோடு பேசவில்லை. ஆய்வுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார் என்று அலுவலக உதவியாளர்தான் சொன்னார். அவள் கிளம்பும்போது மட்டும் வராந்தாவுக்கு வந்து, "சனிக்கிழமை வருவியா?" என்று கேட்டார்.

மூன்றாம் ஆண்டு முழுக்கச் சனிக்கிழமைதோறும் போய், சுருள்களை மறுபடி வாசித்தாள். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது.

"கூலியும் இல்ல, லீவும் இல்ல. இது என்ன சோலிம்மா?" என்றார் வாப்பா, அவள் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து.

"தெரியல வாப்பா. தப்புன்னு தெரிஞ்சுட்டு விட்டுட்டு வர முடியல."

பிப்ரவரியில் கடைசிச் சுருள் முடிந்தது. திருத்திய கட்டுரை மறுபடி போனது. அதில் சரோஜத்தின் பெயருக்குக் கீழே அவளுடைய பெயர் இருந்தது. தேர்வு முடிவுகள் வந்த பிறகு, காத்திருப்போர் பட்டியலில் தொங்கிக் கடைசியில் எம்.எஸ்சி. இடமும் கிடைத்தது.

அதற்கு முன்பே, பி.எஸ்சி. இறுதித் தேர்வு முடிந்த மறுநாள், பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது.

"புது ரெக்கார்டர் வந்திருக்கு," என்றார் சரோஜம். "நீ இல்லாம பெட்டியத் திறக்காண்டாம்ணு வச்சிருக்கேன். திங்கட்கிழமை வா."

"அடுத்த திங்கட்கிழமை வர்றேன் மேடம்," என்றாள் சபீனா. "ஒரு வாரம் தூங்கணும்."

"சரி, தூங்கு," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து, விசிறியைப் போட்டு, பாயை விரித்துப் படுத்தாள். அப்போது காலை பத்து மணிதான்.