குவித்து அளக்காத யூனிட்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை அளந்து விற்கிற வேலை இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வேண்டாம். வீடு வீடாகப் படியேறி இறங்கிப் பிழைத்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். காளப்பநாயக்கன்பட்டிக்குக் கரண்டு வந்த புதிதில் மீட்டர் பார்ப்பதும் புது வீடுகளைச் சேர்ப்பதும் என் வேலை. "அடிவாரத் தெருவில் பத்து வீடு சேராவிட்டால் கம்பியும் கிடையாது, உனக்கு வேலையும் கிடையாது" என்று எங்கள் கரண்டுக் கம்பெனி துரை சொல்லிவிட்டார். ஒன்பதைச் சேர்த்துவிட்டேன்.

முதல் யூனிட்

கடைவீதியில் தானியக் கடை வைத்திருந்த ஓர் அம்மாளின் புது மீட்டரைப் பார்த்து, "ஒன்று" என்று வாய்விட்டுப் படித்தேன். அந்தம்மாள் முகம் சுண்டிவிட்டது. தானியம் அளக்கும்போது முதல் படியை "லாபம்" என்று சொல்லித்தானே நம் ஆட்கள் தொடங்குவார்கள்? என் மண்டையில் அது ஏறவில்லை.

"ஏனுங்க, மொதமொதல்ல அளக்கறீங்க, லாபம்னு சொல்லீட்டு அப்புறம் எழுதிக்கங்க" என்றார்.

தலை தட்டியதா, குவித்ததா?

பத்தாவது வீடு சடையனுடையது. மேலே மலையில், பெரக்கரை நாட்டில் மிளகு போடுகிறவர். கீழே கட்டிக்கொடுத்த மகளுக்காக அந்தத் தெருவில் வீடு எழுப்பியிருந்தார். யூனிட் என்றால் என்ன என்று கேட்டார். நூறு வாட் பல்பு பத்தை ஒரு மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட் என்று பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன். ஒரு கையைப் படிபோலப் பிடித்து, மறு கையால் அதன் மேலே வழித்துக் காட்டிக் கேட்டார்.

"அது தல தட்டி அளக்கறதுங்களா, குமிச்சு அளக்கறதுங்களா? எங்க மலையில குமிச்சுத்தான் குடுப்போம். அளக்கறதக் கண்ணுல காட்டுங்க, அப்புறம் கைநாட்டு வெக்கிறேன்."

பத்து பல்பு

அடுத்த சந்தைக்கு இறங்கியவரை அரிசி மில்லுக்கு அழைத்துப்போனேன். மில்லை நிறுத்தச் சொல்லி, பட்டப்பகலில் பத்து பல்பை எரியவிட்டு, கடிகாரத்தையும் மீட்டரையும் காட்டினேன். மீட்டருக்குள் சுற்றுகிற தகட்டை விட்டு மனுஷன் கண்ணை எடுக்கவில்லை. ஐம்பது நிமிஷம் ஆயிற்று. வேலை நிலைத்துவிட்டது என்று உள்ளுக்குள் குஷியாக இருந்தேன். பொசுக்கென்று கரண்டு போய்விட்டது.

ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நின்றேன். சடையன் எழுந்து மீட்டர் கிட்டே முகத்தை வைத்துப் பார்த்தார். தகடு அசையாமல் நின்றது. வேட்டியைத் தட்டிக்கொண்டு பெருவிரலை நீட்டினார்.

"குமிக்காட்டிப் போவுதுங்க. வராத சரக்க அளக்காம நின்னுக்கிச்சு பாருங்க, இந்தப் படிய நம்பலாம். காயிதத்தக் குடுங்க சாமி."

எத்தனையோ வருஷம் கரண்டை விற்றுப் பிழைத்தேன், ஆனால் அந்த வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது கரண்டு இல்லாத அந்தப் பத்து நிமிஷம்தான்.