பெரிய பிரேம்

புளியந்தீவில் உள்ள என் ஸ்டூடியோவுக்கு ஒரு தாய் பெரிய பிரேம் ஒன்றோடு வந்தார். கட்டாரில் இறந்துபோன மகனின் முப்பத்தோராம் நாளுக்குப் படம் வேண்டும். அவரிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படம் ஒன்றுதான். பெரிதாக்கியதும் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. தூசி என்று நினைத்தாரோ என்னவோ, சேலைத் தலைப்பால் என் கணினித் திரையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“சின்னனாப் போட்டாத்தான் முகம் தெளிவா வரும், அம்மா.”

“அப்ப சின்னனாவே போடு மனே.”

உள்ளங்கையளவு படத்தைப் பிரேமின் நடுவில் வைத்தேன். சுற்றிலும் வெறும் வெள்ளைத் தாள். எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் அதைக் கையில் ஏந்தி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“பரவாயில்ல. இவ்வளவு காலமும் தூரத்திலதானே இருந்தவன்.”

புறப்படுமுன் பிரேமின் கண்ணாடியையும் தலைப்பால் துடைத்தார். அதை நான் அப்போதுதான் துடைத்துக் கொடுத்திருந்தேன்.