காஸ் மட்டும்தான் மிச்சம்

கணேசலிங்கத்துக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஊரார் வீட்டுக் குசினித் தரைகளில் மண்டியிட்டுத் தேய்ந்த முழங்கால்கள். ஜெர்மனியில் ஹீற்றிங் வேலை பழகியவர், பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தார். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். நாற்பது வயதுக்கு மேல் மறுபடி பரீட்சை எழுதி, காஸ் வேலைக்கான அனுமதிக் கார்டை எடுத்தார். எடுத்த நாளிலிருந்து மனிசனுக்கு நிம்மதி போயிற்று. எல்லாருக்கும் அவர் வேண்டும், ஆனால் முழுசாக வேண்டாம். நம்மாட்கள் செய்கிற வேலை அப்படி. தெரிந்த ஒருவனைப் பிடித்து, வீட்டைச் சூடாக்குகிற காஸ் பொயிலரைச் சுவரில் மாட்டுவார்கள், தண்ணீர்க் குழாய்களை இழுப்பார்கள், கடைசியில் சட்டத்துக்குப் பயந்து கார்டு உள்ளவனைத் தேடுவார்கள். "எல்லாம் முடிஞ்சுது அண்ணை, காஸ் மட்டும்தான் மிச்சம்." சோறும் கறியும் இன்னொருத்தன் சமைத்து வைக்க, உப்புச் சரியென்று கையெழுத்துப் போட இவர்.

தை மாதக் குளிரில் அப்படி அழைத்தவர் லூயிஷாமில் இருக்கும் ஆனந்தராஜா. வேறு யாரும் என்றால் கணேசலிங்கம் "ஏலாது" என்று போனை வைத்திருப்பார். இவரிடம் அப்படிச் சொல்ல வாய் வராது. தான் மனைவி பிள்ளைகளோடு லண்டனில் வந்து இறங்கிய காலத்தில், மேல்மாடி அறையைத் திறந்துவிட்டு, ஒன்றரை வருசம் முகம் கோணாமல் வைத்திருந்த மனிசன். ஆனந்தராஜாவின் மகள் கம்சிகாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய் வீட்டுக்கு வருகிறாள். பிரசவத் துடக்குக் கழியும் வரையும் அங்கேதான் இருப்பாள். பழைய பொயிலரோ போன கிழமை உயிரை விட்டுவிட்டது. பச்சை உடம்புக்காரியையும் பாலனையும் குளிர் வீட்டுக்குள் விட ஏலுமா?

கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் உள்ள வீட்டிலிருந்து புறப்பட்டு, ஆற்றுக்கடிச் சுரங்கப் பாதை நெரிசலில் வான் வண்டியோடு ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோதே கணேசலிங்கத்துக்கு அலுத்துவிட்டது. ஆனந்தராஜா வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டுமாக நின்றார். குசினிச் சுவரில் புதுப் பொயிலர் பளபளத்தது.

"எங்களுக்குத் தெரிஞ்ச பெடியன் சுஜீத் என்ன வடிவா மாட்டியிருக்கிறான் பார். நீ காஸை மட்டும் குடுத்துவிடு தம்பி."

"முதல்ல பின்பக்கம் பாக்கவேணும் அண்ணை. புகைக்குழாய் எங்க போய் முடியுது எண்டு."

"பின்கதவைப் பூட்டின திறப்பு உன்ர அக்காவிட்ட. மாக்கெற்றுக்குப் போயிட்டா, இப்ப வந்திடுவா. நீ தொடங்கு."

தொடங்கினார். மீற்றரில் காஸை அடைத்தார். சுஜீத் விட்டிருந்த மெல்லிய குழாய் அடுப்புக்குக் காணும், பொயிலருக்குக் காணாது. மீற்றரிலிருந்து தடித்த செப்புக் குழாய் ஒன்றைப் புதிதாக இழுத்தார். படிக்குக் கீழே படுத்து, தரைப் பலகையைக் கிளப்பி, மூட்டு மூட்டாகச் சூடாக்கி ஒட்டினார். முழங்கால் வலி இடுப்புக்கு ஏறியது. வலியோடு வலியாக முனகிக்கொண்டு, குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி, கருவியில் எண் இறங்குகிறதா என்று பார்த்தபடி குந்தியிருந்தார். இறங்கவில்லை. மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசியும் பார்த்தார். ஒரு குமிழியும் எழவில்லை. இனிக் காஸைத் திறந்து, குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றிவிட்டுப் பொயிலரை மூட்ட வேண்டியதுதான். அதற்கு முன் அந்தப் பின்கதவு.

ஆனந்தராஜாவின் மனைவி நகுலேஸ்வரி மீனும் கீரையுமாக வந்து கதவைத் திறந்துவிட்டார். கணேசலிங்கம் வெளியே கால் வைத்தார். வெளி இல்லை.

நம்மவர் வீடுகளில் இது ஒரு வியாதி. உள்ளே ஆயிரம் அலங்காரத்தோடு குசினி இருக்கும், அதில் தேத்தண்ணீர் மட்டும்தான் வைப்பார்கள். மீன் பொரிக்க, கறிக்குத் தாளிக்க, தூள் வறுக்க ஒரு பின்குசினி வேண்டும், இல்லாவிட்டால் சோபாவெல்லாம் மணக்குமாம். ஆனந்தராஜாவும் போன புரட்டாதியில் வீட்டுப் பின்சுவரோடு பிளாஸ்டிக் தகட்டுக் கூரை போட்டு, குளிர் வருகிறதென்று மூன்று பக்கமும் தகடு அடித்து, கதவு வைத்து, மேசையும் சிலிண்டர் அடுப்பும் போட்டுக் கொடுத்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, காற்றுப் புகாமல் நல்ல கச்சிதமான வேலை. பொயிலரின் புகைக்குழாய் அந்தக் கூரைக்குக் கீழே, அடுப்படிக்கு நேர் மேலே, வாயைத் திறந்துகொண்டு நின்றது.

கணேசலிங்கம் திரும்பி வந்து மீற்றரில் பூட்டுப் போட்டார்.

"என்ன தம்பி செய்யிறாய்?"

"மூட்ட ஏலாது அண்ணை. புகை முழுக்க இந்தக் கூட்டுக்கதான் நிக்கும். கதவைத் திறந்தா வீட்டுக்க வரும். அந்தத் தகடெல்லாம் கழட்டவேணும்."

"புதுப் பொயிலரடா. புகையே வராதெண்டு சுஜீத் சொன்னவன்."

"புதுசெண்டாலும் விடுறது புகைதான். மணமும் இல்லாத, கண்ணுக்கும் தெரியாத நஞ்சு அதுக்க இருக்கும்."

ஆனந்தராஜாவின் முகம் கறுத்துவிட்டது. "பழசும் இதே ஓட்டையாலதானே விட்டது? நாங்கள் என்ன செத்தே போனம்? பிள்ளை இன்னும் கொஞ்ச நேரத்தில வந்திடும். உன்னை நான் என்ன கேட்டனான்? காஸை மட்டும் குடெண்டுதானே." பிறகு, மெதுவாக, குத்துகிற இடம் பார்த்துச் சொன்னார். "மேல் அறை ஞாபகம் இருக்கோ?"

கணேசலிங்கத்துக்கு நெஞ்சு எரிந்தது. இருக்கிறது, எப்படி மறக்கும்? பாழாய்ப்போன இந்தக் கார்டை அந்த மேசையிலேயே எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் போல இருந்தது. பூட்டைத் திறந்து மூட்டிவிட்டால் ஒரு நிமிசம். எல்லாரும் சிரிப்பார்கள், தேத்தண்ணீர் வரும். ஆனால் பழசும் இதே ஓட்டையால் விட்டது என்ற சொல் மட்டும் மண்டைக்குள் நின்றது. அவர் நகுலேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இதுக்க நிண்டு சமைக்கேக்க உங்கட உடம்புக்கு ஒண்டும் செய்யிறேல்லையோ?"

நகுலேஸ்வரி கீரைப் பையைக் கீழே வைத்தார். "தலையிடிதான் தம்பி. கூரை போட்ட காலம் தொட்டு. சில நாள் வயித்தைப் பிரட்டிச் சத்தியும் வரும். பனடோல் போட்டுப் போட்டுச் சமைப்பன். இவர் வயசெண்டவர், டொக்டர் பிறஷர் எண்டவர். வெள்ளிக்கிழமை சிவன் கோயிலுக்குப் போனா நிக்கும். வீட்டை வந்து சமைக்க, திருப்பி வரும். அதால சிவனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வச்சனான்."

"இப்ப எப்பிடி?"

"நேர்த்தி பலிச்சிட்டுது. ஒரு கிழமையா ஒண்டும் இல்லை."

"பழைய பொயிலர் நிண்டுபோய் எவ்வளவு காலம் அக்கா?"

"அதுவும் ஒரு கிழமைதான்," என்ற நகுலேஸ்வரி பொயிலரைப் பார்த்தார், பிறகு புருசனைப் பார்த்தார்.

"அலாரம் ஒண்டும் இல்லையோ இந்த வீட்டில?" என்று கணேசலிங்கம் கேட்டார்.

இருந்தது. பின்கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டி. மாரி தொடங்கியதோடு அது ஓயாமல் கத்தத் தொடங்கிற்று. தாளிக்கிற புகைக்குக் கத்துகிறது என்று ஆனந்தராஜா கழற்றி, பற்றரியைப் பிடுங்கி, மேசை லாச்சிக்குள் போட்டிருந்தார். நம்மவர் வீடுகளில் அலாரம் தொங்குகிற இடம் லாச்சிதான். இப்போது அதைக் கொண்டுவந்து கணேசலிங்கத்தின் கையில் கொடுத்தார். அது புகைக்குக் கத்துகிற அலாரம் அல்ல. பெட்டியின் முகப்பில் காபன் மொனொக்சைட் என்று அந்த நஞ்சின் பெயரை ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"நீயாவது எனக்குச் சொல்லியிருக்கலாமெல்லே," என்றார் ஆனந்தராஜா மனைவியிடம்.

"எத்தினை தரம் சொன்னனான்," என்றார் நகுலேஸ்வரி. கோபம் இல்லை, களைப்புத்தான்.

ஆனந்தராஜா கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஏணியை எடுத்தார். எழுபதை எட்டுகிற மனிசன். கணேசலிங்கம் ஏணியைப் பிடித்தார், பிறகு அவரை இறக்கிவிட்டுத் தானே ஏறினார். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் அழுதது. மழை தூறத் தொடங்கியது. ஆணி ஆணியாகக் கழற்றித் தகடுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க, ஆனந்தராஜா வாங்கி மதிலோரம் அடுக்கினார். சுவர்த் தகடுகளும் போய், புகைக்குழாய்க்கு முன் வெறும் வானமும் மழையும் நின்ற பிறகுதான் கணேசலிங்கம் மீற்றரைத் திறந்தார். குழாயில் நின்ற காற்றை வெளியேற்றினார். பொயிலர் ஓடும்போது காஸ் அழுத்தம் விழவில்லை, புகையின் அளவும் சரி. ஹீற்றர்கள் டக் டக்கென்று சூடேறத் தொடங்கின. அலாரத்துக்குப் புதுப் பற்றரி போட்டு மாட்டினார்.

நகுலேஸ்வரி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். "அப்ப தம்பி, என்ர நேர்த்தி? சிவன் ஒண்டும் செய்யேல்லையோ?"

கணேசலிங்கத்துக்குச் சாமி கதைக்கத் தெம்பு இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துச் சும்மா இருக்க மனம் வரவில்லை. "வெள்ளிக்கு வெள்ளி இந்தக் கூட்டுக்குள்ளயிருந்து உங்களை எழுப்பிக் கொண்டுபோனது ஆர் அக்கா? நேர்த்தியைக் குடுங்கோ. அதோட ஆஸ்பத்திரிக்கும் போய் இரத்தத்தைச் சோதியுங்கோ. ரெண்டும் செய்யுங்கோ."

நகுலேஸ்வரி தலையாட்டிவிட்டு மழைக்குள் இறங்கினார். கூரை இருந்த இடத்தின் மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பலகைக் கட்டையும் புதிதாக வாங்கிய சின்ன நீலத் தொட்டியும் இருந்தன. தொட்டிக்குள் மடித்து வைத்திருந்த துவாய் நனைந்துகொண்டிருந்தது. அதை எடுத்துப் பிழிந்தார்.

"பொயிலர் எரிஞ்சா வீட்டிலயே சூடான இடம் இதுதானே எண்டு," என்றார், யாரையும் பாராமல். "பேரப்பிள்ளைக்கு நாளைக்கு இஞ்ச வச்சுத்தான் குளிக்க வாக்க இருந்தனான். குளிர் படாமல், கதவைச் சாத்திப்போட்டு."

ஆனந்தராஜா நனைந்த படிக்கட்டிலேயே குந்திவிட்டார். முன்வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மகள் "அப்பா" என்று கூப்பிட்டாள். கணேசலிங்கம்தான் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார்.