பிரீசரில் வைத்த குப்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் பருத்திக்கொட்டை எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களை அளந்துகொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டி மின்சாரத்தையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் அந்த அளவீட்டுக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஐசோடோப்புக் குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு பிரீசருக்குக் கொண்டுவந்தேன். சூடு பட்டால் கெட்டுவிடும். கெட்டால் என் ஆராய்ச்சி அம்போ.

வீட்டில் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் வீட்டுக்காரரும் மாமியாரும் வந்தார்கள். ஐஸ் எடுக்கப் போன மாப்பிள்ளை குப்பியில் ‘ஐசோடோப்’ என்று இருந்ததைப் படித்து, தன் அம்மாவிடம் சொல்லி வைத்தார். பிடித்தது சனி.

“ஏம்மா, இது அணுகுண்டுக்குப் போடுற சாமானாமே? பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல வச்சிருக்கியே! எம் மருமகள இப்பவே கூட்டிட்டுப் போறேன்.”

தங்கை முகம் செத்துவிட்டது. பிரசவம் அம்மா பக்கத்தில்தான் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

“அத்தை, ஐசோடோப்புல ரெண்டு வகை. இது கதிர் விடாத வகை. மந்தையில நம்ம ஆட்டுக்குச் சாயம் பூசி விடுறோம்ல, அது மாதிரி. எண்ணெயில அளந்து கலந்துருவோம். கழுவி வடிக்கையில இது எம்புட்டு குறையுதோ, எண்ணெயோட கொழுப்பும் அந்தக் கணக்குலதான் குறைஞ்சிருக்கும். இதுவும் கொழுப்புதான், மத்ததவிடக் கொஞ்சம் எடை கூட, அம்புட்டுதான்.”

“அப்பிடின்னா மடவார் வளாகத்துச் சாமி மேல சத்தியம் பண்ணு.”

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிவன்; ஒரு பெண்ணுக்குத் தாயாக வந்து பிரசவம் பார்த்த சாமி அது. எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் அதன் பெயரைச் சும்மா எடுக்கமாட்டார்கள். பண்ணினேன். தங்கை உடனே, “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். மாமியார் முனகிக்கொண்டே கிளம்பினார்.

அதுவரை எனக்குப் பயமே இல்லை. தங்கை அப்படி நம்பிச் சொன்ன பிறகுதான் கம்பெனியின் விலைப்பட்டியலை நினைத்துப் பார்த்தேன். அதில் இதற்கு அடுத்த வரியிலேயே கதிர் விடும் வகையும் உண்டு. கட்டி அனுப்பியவன் கை தவறியிருந்தால்? சோதித்துப் பார்க்க வீட்டில் என்ன கருவி இருக்கிறது? ஆய்வகம் திறக்கும்வரை வேறு போக்கிடமும் இல்லை. குப்பியை வெளியே எடுத்தால் தப்பை நானே ஒத்துக்கொண்டதாகும், தங்கையைக் கூட்டிப் போய்விடுவார்கள். உள்ளேயே விட்டால் அவள் தினமும் அதே பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடிக்கிறாள். அவள் கை வைப்பதற்குள் நானே ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். “என்னக்கா, ரொம்பத்தான் தாங்குற” என்று கேலி செய்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தொட்டதற்கெல்லாம் அம்மாவிடம் சிடுசிடுத்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் வெளியே போன நேரம் பார்த்து, துணியை விலக்கிக் குழந்தையின் விரல்களை எண்ணினேன். கை, கால், எல்லாம் சரியாக இருந்தன. நிமிர்ந்தால், தூங்குகிறாள் என்று நினைத்த தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் எண்ணிட்டேன்க்கா” என்றாள். “அம்புட்டு நாளும் பயந்துக்கிட்டேதான் கெடந்தேன்.”