யுவ வருஷத்து வள்ளி

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பி.ஏ. சரித்திரம். அதனால் 1985இல் திருத்தணி சபாக்காரர்கள் தங்கள் நாடகத்தின் பொன்விழா மலர் வேலையை என்னிடம் தந்தார்கள். மலையடிவாரத்துப் புலவர் ஒருவர் இயற்றிய வள்ளி கல்யாண இசை நாடகம் முதலில் எந்த ஆண்டு மேடையேறியது என்று உறுதி செய்ய வேண்டும். பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கே லுங்கி வியாபாரம் செய்துவந்த ஜெயம்மாள், சிறுமியாக அதில் வள்ளி வேஷம் கட்டியவர்.

"நான் ரெண்டாவது வள்ளி, சார். மொதல் வள்ளி வள்ளிநாயகி அக்கா. அவங்களைக் கேளுங்க," என்றார் வாசலிலேயே.

ஊரும் அப்படித்தான் சொல்லிற்று. பங்குனி உத்திரம்தோறும் சபா மேடையில் வள்ளிநாயகிக்கு மாலை விழும். ஜெயம்மாள் முதல் ஆளாய்ப் போய் அவர் காலில் விழுவார்.

பின்னாளில் அச்சான பாட்டுப் புத்தகம், அரங்கேறியது 'யுவ வருஷம் பங்குனி உத்திரம்' என்றது. ஜெயம்மாளின் தகப்பனாரோ, தெலுங்கு பேசும் நெசவாளி. மகள் உடுத்தி ஆடிய பச்சைச் சேலையின் முந்தானையில் தெலுங்கெழுத்தில் 'தாது' என்று வருஷப் பெயரை நெய்திருந்தார். யுவ முடிந்தால் தாது. ஆகவே இவர் ஆடியது மறுவருஷம். எழுதிக்கொண்டு எழுந்தேன்.

"முந்தின வருஷத்து ஆட்டத்தை நீங்கள் பார்க்கவில்லையா?"

"எங்க பாக்கறது? அந்தத் தடவதான் நைனா இட்டுகினு போச்சு. ஆடினேன், வந்துட்டேன். உகாதிப் பச்சடி தின்னுகினே சொல்லுச்சு, 'புது வருஷம் பொறந்துடுச்சு, பேரை நெய்யறேன்'னு. ரெண்டு வாரத்துல உத்திரம், ஆட்டம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெலுங்கர்களுக்கு உகாதியில் வருஷம் பிறக்கிறது, நமக்குச் சித்திரையில். இடையில் வரும் பங்குனி உத்திரம் அவர்களுக்குத் தாது, நமக்கு இன்னும் யுவ! பழைய பஞ்சாங்கங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். யுவ வருஷப் பங்குனி வந்த 1936 ஏப்ரலில் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு உத்திரமோ உகாதிக்கு முன்பே வந்துவிட்டது; ஜெயம்மாள் ஆடியது அதில் அல்ல. அரங்கேற்றம் இரண்டல்ல. ஒரே நாள், ஒரே மேடை, ஒரே வள்ளி.

திரும்பப் போய்ச் சொன்னதும் ஜெயம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அக்கா யாரு? இத்தினி வருஷமா யார் கால்ல சார் வுழுந்துகினு இருந்தேன்?"

திருத்தணிக்கு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினார். பின்னாலேயே நானும் ஓடினேன். வள்ளிநாயகி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மறுப்பார் என்று நினைத்தேன். முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீ வேஷம் கட்டினது எனக்குத் தெரியாதாடி? மேடையில உன் தலைக்குப் பூ வெச்ச தோழி வேஷம் நானு. புஸ்தகத்துல யுவன்னு பாத்துட்டு, என் பேரும் வள்ளின்னு நீதானே ஓடியாந்து, 'எனக்கு முன்னாடி ஆடினது நீதானே அக்கா'ன்னு கால்ல வுழுந்தே? ஊரே பாத்துகினு நின்னுது. இல்லேன்னு சொல்ல வாய் வரல."

"அடுத்த வருஷம் வந்திருக்கலாமே, அந்த வாய்?"

"அடுத்த வருஷம் மாலை போட்டுட்டாங்க."

இப்படியும் ஒரு பதில் உண்டா!

"மாலைய நீயே வெச்சிக்கோ," என்றார் ஜெயம்மாள். "நான் போட்ட கும்பிடு எல்லாத்தையும் திருப்பிக் குடு."

அரங்கேறியது 1936 என்று உறுதியானதால், பொன்விழா 1986 பங்குனி உத்திரத்துக்குத் தள்ளிப்போனது. முதல் வள்ளி ஜெயம்மாள் என்றே மலரில் அச்சேறியது. அந்த வருஷத்து மாலையை அவர் வாங்கிக்கொண்டார். வள்ளிநாயகி விழாவுக்கு வரவில்லை.

ஜெயம்மாள் இப்போது பொதட்டூர்பேட்டையில் மகளோடு இருக்கிறார். வள்ளிநாயகி திருத்தணியில்தான் இருக்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.