லிப்டுக்குள் வந்த மஸ்கட் நெட்வொர்க்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். லீவில் காஞ்சிபுரம் வந்தாலும் போனில் அந்த ஊர் சிம்தான், ரோமிங்கில் பேசினால் காசைத் தீட்டிவிடுவான் என்று எல்லாமே எஸ்எம்எஸ்தான். இந்த முறை திரும்பிப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன், கம்பெனி கொடுத்த அந்தக் கேம்ப் ரூமை நினைத்தாலே மூச்சு முட்டியது, ஆனால் என் மனைவி கீதாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

தங்கை கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஒரு பெரிய பட்டுக்கடைக்குப் போனோம். கீதா கீழே புடவை பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் வேட்டி எடுக்க லிப்டில் ஏறினேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. பட்டப்பகலில் கும்மிருட்டு, கதவைத் தட்டுகிறேன், கத்துகிறேன், ஏனென்று கேட்க நாதியில்லை. போனில் சிக்னலும் இல்லை. பிறகு திடீரென்று முழு சிக்னல், ஆனால் மேலே தெரிந்தது நம்மூர் நெட்வொர்க் பெயர் இல்லை, மஸ்கட்டில் தெரியுமே, அந்தப் பெயர். கூடவே ஒரு மெசேஜ்: உங்கள் ரோமிங் முடிந்தது, நல்வரவு. அந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்கினால்தான் அது வரும்.

'லிப்டுல மாட்டிக்கினேன், ஆளைக் கூப்பிடு' என்று கீதாவுக்கு அடித்து அனுப்பினேன், பதிலே இல்லை. இந்தக் கதவு திறந்தால் வெளியே கேம்ப் வராந்தாதான் இருக்கும் என்று மனசு அடித்துச் சொன்னது, சாமி சத்தியமாக அழுதுவிட்டேன்.

எவ்வளவு நேரமோ, கரண்ட் வந்து கதவு திறந்தது. கடைதான். கீதா பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாங்க வெளாட்டு இது?" என்று தன் போனை நீட்டினாள். என் நம்பரிலிருந்து வந்திருந்தது: 'ரூமுக்கு வந்து சேர்ந்துட்டேன்.' ஒவ்வொரு தடவையும் மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் நான் அவளுக்கு அனுப்புகிற அதே வரி. என் போனில் பார்த்தால் நான் அடித்தது அடித்தபடியே இருக்கிறது.

அங்கேயே, புடவைக் கூட்டத்துக்கு நடுவிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் போகமாட்டேன் என்று. "போவாதீங்க, இங்கயே இருந்துக்கினு எதனா பண்ணலாம்" என்றாள். சிம்மை உடைத்துப் போட்டேன். இப்போது பக்கத்திலிருக்கும் ஏனாத்தூருக்குக் காலேஜ் பஸ் ஓட்டுகிறேன்.

ஆறேழு மாதம் கழித்து, மஸ்கட்டில் என்னோடு ஒரே ரூமில் இருந்த ஆற்காட்டு பாஷா என் புது நம்பரைத் தேடிப் பிடித்து போன் செய்தான். என் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாச்சா என்று சும்மா கேட்டேன்.

"அதுல யாரும் படுக்கமாட்டேன்றாங்கண்ணே. படுத்தா, 'தள்ளிப் படுப்பா'ன்னு கொரல் கேக்குதாம். நானும் ஒரு நாள் படுத்துப் பாத்தேன். அது ஒன் கொரல்தாண்ணே."

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தினமும் காலையில் கண் விழித்ததும், எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஜன்னலைத் திறந்து பார்த்த பிறகுதான் நான் படுக்கையை விட்டே இறங்குகிறேன்.